மடியில் ஒளித்த தண்ணீர்ப் படம்

1

போன வாரம் என் மகன் குமரேசன் சங்ககிரியிலிருந்து எங்கள் ஒறம்பரை சனம், சொந்தபந்தமெல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டிருந்தான். பேரன் கவினுக்குக் காது குத்தி ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். தாய்மாமன் மடியில் பையன் உட்கார்ந்திருக்கிறான். தலையில் ஜரிகைத் துண்டு, கழுத்தில் மாலை, கையில் போன். பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நான். வலது கையை இடுப்பில் அழுத்தி வைத்திருக்கிறேன். முகம் என்னவோ சிரித்த முகம்தான்.

கீழே சனமெல்லாம் கும்பிடு போடுகிற படமும் பூப்படமும் போட்டிருந்தார்கள். "சமத்துப் பையன், அழவே இல்லை" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்தக் கை இடுப்பில் ஏன் இருந்தது என்று எனக்கும் என் மகளுக்கும்தான் தெரியும். இனி ஊரில் இருக்கிற உங்களுக்கும் தெரியட்டும். மூணாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் பக்கம் பெண் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சோறு தின்பதைக் கௌரவமாகச் சொல்ல மாட்டார்கள். நான் அதைத்தான் நாலஞ்சு வருஷமாக மெல்போர்னில் செய்துகொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு ரெண்டு லாரியை நின்று நடத்தியவள். லோடு ஏற்றுகிற இடத்தில் போய் நான் நின்றால், டிரைவர்கள் மடித்துக் கட்டின வேட்டியை இறக்கி விடுவார்கள். அப்படி இருந்தவளை, "பையனப் பாத்துக்க ஆளில்லீங்கம்மா, வந்துருங்க" என்று என் மகள் கோமதி அழுது கூப்பிட்டாள். வண்டியைக் குமரேசன் கையில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன்.

இங்கே கதவைத் திறந்தால் ரோடு இருக்கும், ஆள் இருக்காது. எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது கையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். ஒருநாள் வாய் தவறி "சாப்ட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவரும் நின்று என்னமோ பதில் சொன்னார். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை, நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை. ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனோம்.

கவினுக்கு அப்போது ரெண்டு வயது முடிந்திருந்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முகத்தைப் பார்க்க மாட்டான். கார் பொம்மையைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பான். "லாரிக்கார வம்சமல்லோ, சக்கரத்தத்தான் பாப்பான்" என்று நான் பெருமை பேசினேன். பேச்சு வரவில்லை. "ஆம்பளப் பையன் மெதுவாத்தான் பேசுவான் அம்மணி. உங்கண்ணன் என்ன பொறந்தவுடனே பிரசங்கம் பண்ணுனானா?" என்று மகள் வாயை அடைத்தேன். பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் வைத்தேன். வாந்திதான் வந்தது.

சோறு ஊட்டுவது பெரும்பாடு. அந்தச் சமயத்தில் குமரேசன் எங்கள் தோட்டத்தில் போர் போட்டதைப் படம் எடுத்து அனுப்பினான். பூமியைத் துளைக்கிற திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி. முதலில் மண் புகையாகப் பறக்கும், அப்புறம் சேறு, அப்புறம் குபீரென்று தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீச்சும். அதைப் பார்த்துக் கவின் சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த ஆசையில் திரும்பப் போட்டுக் காட்டினேன். ஒரு வாய் சோறு, ஒரு பீச்சுத் தண்ணீர். சோறு இறங்கியது. எனக்கும் வேலை லேசாயிற்று, டீவி நாடகம் பார்க்க நேரம் கிடைத்தது.

"மாப்ளைக்குப் புடிச்சிருக்குதாமா?" என்று குமரேசனுக்கு ஒரே பூரிப்பு. எங்கே போர் போட்டாலும் போய் நின்று படம் எடுத்து அனுப்பினான். கொஞ்ச நாளில் பையன் போன் இல்லாமல் எழுந்திருக்க மாட்டான், குளிக்க மாட்டான், படுக்க மாட்டான் என்று ஆயிற்று. தண்ணீர் பீச்சுகிற அந்த ஒரு இடத்தையே விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பான். பிடுங்கினால் சுவரில் போய்த் தலையை மோதுவான். நெற்றி வீங்கிய பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, போனைத் திரும்ப அவன் கையில் கொடுத்தவள் நான்தான்.

3

இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் வரிசை. டாக்டரைப் பார்க்கவே நெடுநாள் காத்திருந்தோம். அதற்கு முன்னால் வீட்டிலேயே பூர்த்தி செய்யச் சொல்லிக் கத்தை கத்தையாகக் காகிதம் வந்தது. கோமதி படித்துப் படித்து எனக்குச் சொல்லுவாள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? ஒரு பொருளை எடுத்துவந்து உங்களிடம் காட்டி மகிழ்கிறானா?

"செய்வான்னு எழுது."

"எப்பம்மா செஞ்சான்?"

"இனிமே செய்வான். நீ எழுது."

அவள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அழுதாள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஆட்டிசம் என்று சொன்னார்கள். அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. "போனு பாத்ததுனால வந்துச்சான்னு கேளு" என்று கோமதியை இடித்தேன். டாக்டரம்மா இல்லை என்றார். போனால் இது வராது, யாரும் செய்து வருவதில்லை, அவன் பிறவியே அப்படி, சீக்கு மாதிரி வந்துவிட்டுப் போவதும் இல்லை என்றார். எனக்குப் போன மூச்சு வந்தது. "ஆனாப் போனு அவனக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சுங்கறாங்கம்மா. அத விடுவிக்கணுமாம்" என்று கோமதி மிச்சத்தையும் சொன்னாள்.

விடுவிக்க வந்தவள் பெயர் ஹெலன். என் மகளைவிடச் சின்னவள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனைப் பிடுங்கப் போகிறாள் என்று பார்த்தேன், தொடவே இல்லை. எங்களிடம் ராசு என்று ஒரு டிரைவர் இருந்தான். ஓமலூர் தாண்டினால் சாராயச் சீசாவைத் திறந்துவிடுவான். அவன் கையிலிருந்து பிடுங்கிக் கல்லில் அடித்து உடைத்திருக்கிறேன். அடுத்த லோடில் வேறு சீசா இருக்கும். என் வைத்தியமெல்லாம் அந்த மாதிரிதான். ஹெலன் முறை வேறாக இருந்தது. போன் இவனிடம் எதையும் கேட்பதில்லை, கோபப்படுவதில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது; மனுசர்கள் அப்படி இல்லை, அதனால்தான் அதனிடம் போகிறான் என்றாள். நாம்தான் அவனுக்குப் பிடிபடுகிற மாதிரி ஆகவேண்டும் என்றாளாம். கோமதி இதை எனக்குச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. மணல் இறங்குகிற கண்ணாடிக் குடுவை ஒன்று வைத்தோம். மணல் இருக்கிறவரை போன், தீர்ந்தால் வாளி நிறையத் தண்ணீரும் புனலும். படத்தில் பார்க்கிற தண்ணீரை நிஜமாகவே ஊற்றி விளையாடட்டும் என்பதுதான் யோசனை. வீட்டில் மற்றவர்களும் அவன் எதிரே போன் எடுக்கக் கூடாது. என் நாடகமும் போயிற்று. எனக்கும் கை நமநமவென்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். குடுவையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கிக்கொண்டே வந்தோம். கத்தல் முதலில் கூடியது, அப்புறம்தான் தணிந்தது. மாசக்கணக்கு.

அதோடு படம் போட்ட சின்னச் சின்ன அட்டைகள். தண்ணீர், சோறு, ஊஞ்சல், போன். ஹெலன் அவற்றை ஒரு பட்டையில் ஒட்டி அவன் இடுப்பில் மாட்டிவிட்டாள். வேண்டியதைப் பிய்த்து எடுத்து ஒரு ஆள் கையில் கொடுக்க வேண்டும். "அட்டை கொடுத்தா அது அவன் பேசுனதுக்குச் சமம். என்ன வேலையா இருந்தாலும் போட்டுட்டு ஒடனே செய்யணும். பேசுனா நடக்கும்னு அவனுக்குத் தெரியோணும்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னதாகக் கோமதி சொன்னாள்.

முதல் அட்டையை அவன் என்னிடம்தான் கொடுத்தான். தண்ணீர்ப் படம். நான் தோசைக்கல் முன்னால் நின்றிருந்தேன். கையில் திணித்துவிட்டு, கையை நீட்டியபடியே நின்றான். தோசை கருகட்டும் என்று ஓடிப்போய் டம்ளரில் கொண்டுவந்தேன். அன்று முழுக்க, "என்கிட்டத்தான் கேட்டான்" என்று என் மருமகனிடம்கூட வெட்கமில்லாமல் நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற மகனிடமும் சொல்லவில்லை. ரிக்கு வண்டிப் படம் வந்துகொண்டேதான் இருந்தது. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பானே என்று வருகிறதை அழித்துக்கொண்டிருந்தேன். போனில் யாராவது, "எங்கீங்க, பேரனப் பேசச் சொல்லுங்க, கேப்போம்" என்றால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அவனுக்கு இங்கிலீஷ்தானுங்க வரும்."

4

காது குத்து எங்கள் சம்பந்தி வகைக் குலதெய்வக் கோயிலில், சேந்தமங்கலம் பக்கம். கெடா வெட்டு, பந்தல், மைக்செட்டு, நாயனம், செண்டை. தாய்மாமன் சீர் என்றால் எங்கள் வீட்டு மானம். குமரேசன் தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு மேளத்தோடு நடந்து வந்தான். கோமதி முன்னாடியே சொன்னாள், "மேளம் வேண்டாங்கம்மா. அவங்காது தாங்காது. அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லீருங்க."

"மேளமில்லாம சீரு கொண்டார நாம என்ன எழவு வீட்டுக்கா போறம்?" என்று கேட்டேன்.

பையன் காதைப் பொத்திக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, ஆனாலும் தாங்கிக்கொண்டு இருந்தான். அதை இப்போது நினைக்கும்போதுதான் தெரிகிறது. அந்தப் பிள்ளை அன்று எவ்வளவு தாங்கினான்!

சம்பந்தியின் அண்ணன் ஒருத்தர், ஓய்வு பெற்ற வாத்தியார். எங்களைச் சுற்றி ஒறம்பரை கூடியிருக்கையில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து பையன் முன்னால் குனிந்தார்.

"வாட் இஸ் யுவர் குட் நேம்?"

பையன் அவர் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"விச் கிளாஸ் ஆர் யூ ஸ்டடியிங்?"

"அவிய இங்கிலீஷு வேறயாட்ட இருக்குதுங்க பெரிப்பா. உங்க இங்கிலீஷு நாமக்கல்லத் தாண்டி அக்கட்டப் போவாதாட்ட" என்று பின்னால் ஒரு இளவட்டம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாருக்கு ரோசம் வந்துவிட்டது.

"என்ற இங்கிலீஷுக்கு என்னடா கொறச்சல்? ஏனுங் சம்பந்தி, பையன் வாயத் தொறக்க மாட்டேங்கறானே, பேசுவானல்லோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கவின் என்னிடம் வந்தான். இடுப்புப் பட்டையிலிருந்து தண்ணீர்ப் படத்தைப் பிய்த்து என் கையில் வைத்தான். கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"அது என்னுங்க, என்னமோ சீட்டுக் குடுக்கறான்?" என்று ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

நான் அதை இடுப்பு மடியில் செருகிக்கொண்டேன். "ஒண்ணுமில்லீங்க, வெளையாட்டுச் சாமான்."

அவன் நீட்டிய கையை மடக்கவில்லை. நின்றான். அப்புறம் என் மடியைத் தடவி அட்டையைத் தேடினான். சேலையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர்க் குடம் பக்கத்திலேயே இருந்தது. ஒரு டம்ளர் மொண்டு கொடுத்திருந்தால் முடிந்தது. கொடுத்தால் அது சீட்டில்லை, பேச்சு என்று சனத்துக்குத் தெரிந்துபோகும் என்று என் புத்தி சொன்னது.

பிறகு அவன் கத்தினான். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். செண்டைக்காரர்கள் இதை அமுக்குவதற்காக இன்னும் ஓங்கி அடித்தார்கள். குமரேசன் ஓடிவந்து, "மாப்ளே, இங்க பாரு, மாமன் என்ன வெச்சிருக்கறேன் பாரு" என்று தன் போனில் ரிக்கு வண்டியைப் போட்டுக் கையில் கொடுத்தான். கத்தல் நின்றது. அவனைத் தூக்கி மடியில் வைத்தான். ஆசாரி குத்தினார். பையன் கண் போனை விட்டு நகரவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "சமத்து, சமத்து" என்று சனம் கொண்டாடியது. போட்டோ எடுத்தார்கள். அட்டை வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று மடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

காரில் திரும்பும்போது கோமதி சத்தம் போடவில்லை. பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அவன் உங்ககிட்டப் பேசுனானுங்கம்மா" என்றாள். "நீங்க அவன் வாயப் பொத்திட்டீங்க."

5

திரும்பி வந்து மறுபடி மணல் குடுவையைப் பெரிசாக்கித் தொடங்க வேண்டியதாயிற்று. அதுகூடப் பரவாயில்லை, போன் பிடி மறுபடியும் தளர்ந்தது. அம்மாவிடம் அட்டை கொடுத்தான், அப்பனிடம் கொடுத்தான், ஹெலனிடம் கொடுத்தான். என்னிடம் மட்டும் கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் நானும் அவனும்தான். தாகமெடுத்தால் குழாயடியில் போய் நிற்பான். நான் கை நீட்டிக்கொண்டு முன்னால் நிற்பேன். என்னைச் சுற்றிக்கொண்டு போய்விடுவான், நடுக்கூடத்துத் தூணைச் சுற்றிப் போகிற மாதிரி. நானாகவே தண்ணீர் கொடுத்தால் குடிப்பான். கோபம் இல்லை, முறைப்பு இல்லை. இருந்தால்கூடத் தேவலை.

ஹெலனிடம் கேட்கச் சொன்னேன். அன்று நான் செய்ததை மறந்துவிடுவானா என்று. கோமதி தயங்கினாள். "அவ சொல்றத மாத்தாமச் சொல்லு" என்றேன்.

"உங்ககிட்டக் குடுத்தா நடக்காதுன்னு அவன் கத்துக்கிட்டானாம்மா. அவனுக்கு அது வருத்தமில்ல, பாடமாம். நடக்கும்னு நீங்கதான் திரும்பக் காட்டோணுமாம். எத்தன நாளாகும்னு சொல்ல முடியாதாம்."

லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு லோடுக்குக் காத்திருந்திருக்கிறேன். என்னைக் காக்க வைத்த ஆளைச் சும்மா விட்டதில்லை. இப்போது ஆறு வயதுப் பையன் காக்க வைத்தான். காத்திருந்தேன். தரையில் உட்கார எனக்கு முட்டி ஒத்துழைக்காது, ஆனாலும் உட்கார்ந்தேன். அவன் வாளியில் ஊற்றினால் நானும் ஊற்றினேன். சக்கரத்தைச் சுற்றினால் நானும் சுற்றினேன்.

நடுவில் ஒருநாள் குமரேசனைக் கூப்பிட்டேன். இனி ரிக்கு வண்டி அனுப்பாதே என்றேன். ஏன் என்றான். சொன்னேன். கவினுக்கு இங்கிலீஷும் வராது, தமிழும் வராது, ஆட்டிசம் என்று பேர், இந்த மாதிரி அட்டை கொடுத்துத்தான் பேசுவான் என்று எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் லாரி ஆரன் கேட்டது.

"ஏம்மா," என்றான் அப்புறம். "நான் மாமனுங்க. அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா மேளத்த அங்கயே நிறுத்தீருப்பனே. என்கிட்டயுமா மறைப்பீங்க?"

சீர்த்தட்டு எடுத்து வந்த பிள்ளையையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறேன். "சனத்துக்கு நீயே சொல்லீரு" என்றேன். "நீங்க மறச்சத நான் சொன்னா நல்லாருக்குமா?" என்றான். சரிதான். அதனால்தான் அந்த வாத்தியார் படிக்கிற மாதிரி நானே எழுதுகிறேன். உங்கள் இங்கிலீஷில் குறை ஒன்றும் இல்லீங்க சம்பந்தி.

இன்னும் ஒன்று. உங்களில் யார் வீட்டிலாவது கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, போனைப் பிடித்தால் விடாத பிள்ளை இருந்தால், வசம்பை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். பிடுங்கி உடைக்காதீர்கள். ஒளிக்காதீர்கள். நான் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, தெரியும்.

முந்தாநாள் அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஹெலன் இந்த மாசம் புதிதாக ஒரு அட்டை கொடுத்திருக்கிறாள், சிவப்பில் ஒரு உள்ளங்கை. "போதும்" என்று அர்த்தமாம். நானும் அவனும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் செய்கிறதை வாயால் சொல்லிக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தாள். எனக்குத்தான் பேச வாய்ப்புக் கிடைத்தால் நிறுத்தத் தெரியாதே. "கவினு தண்ணி ஊத்தறான், கவினு மொள்றான், சாமி கையி நனைஞ்சுபோச்சு, பாரு பாரு ரொம்புது" என்று அளந்துகொண்டிருந்தேன். அவன் வாளியை விட்டான். பட்டையைப் பார்த்தான். ஒரு அட்டையைப் பிய்த்து, ஈரக் கையோடு, என் கையைப் பிடித்து அதில் வைத்தான்.

சிவப்பு உள்ளங்கை.

பேச்சை நிறுத்தினேன். முட்டியை ஊன்றி எழுந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போய் நின்றேன். நல்ல குளிர், காலில் செருப்பில்லை. உள்ளே அவன் திரும்பவும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டான்.

வேலையிலிருந்து சீக்கிரம் வந்த கோமதி என்னைக் கண்டு பதறிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"என்னுங்கம்மா, இந்தக் குளுருல வெளிய நின்னுட்டு இருக்கறீங்க?"

"என்னப் போகச் சொல்லீட்டான்."

"யாரும்மா?"

"கவின்தான். என்கிட்டச் சொன்னான்."